விடத் தெரிந்த கை

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரையில் ஒரு சுற்று போயிருப்பீர்கள். மெரினா மணலில் குழந்தையை ஏற்றிவிட்டுப் படம் எடுத்திருப்பீர்கள். இரண்டு இடத்திலும் கயிறு குதிரைக்காரர் கையில்தான் இருந்திருக்கும். அவர் நடந்தால் குதிரை நடக்கும், அவர் நின்றால் நிற்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் அதற்கு ஒரு பாரம், அவ்வளவுதான். அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கடிவாள வாரை உங்கள் கையில் கொடுத்து அவர் விலகிக்கொள்ளும்போதுதான் குதிரையேற்றம் தொடங்குகிறது. அந்த முதல் நொடியில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும். இல்லையென்றால் லாயத்தைப் பார்த்துத் திரும்பும்.

அங்கிருந்து ஒலிம்பிக் களம் வரை ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அதில் நடப்பவர்களுக்கு எது வெற்றி, மனநிறைவு எங்கே கிடைக்கிறது, அது எங்கே கெட்டுப்போகிறது என்று எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். குதிரையே ஏறாதவர்களும் இதைப் புரிந்துகொள்ள முடியும்.

2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் நான்கு இளைஞர்கள் குழுத் தங்கம் வென்றார்கள். கொல்கத்தாவின் அனுஷ் அகர்வல்லா, மும்பையின் ஹிருதய் சேடா, ஜெய்ப்பூரின் திவ்யகிருதி சிங், இந்தூரின் சுதிப்தி ஹஜேலா. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்து அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தையது 1982 டெல்லிப் போட்டியில் வந்தது. செய்தியைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் பலர் அந்தப் போட்டியின் காணொளியைத் தேடிப் பார்த்தபோது குழம்பியிருப்பார்கள். ஓட்டம் இல்லை, தாவல் இல்லை. கோட்டும் தலைக்கவசமும் அணிந்த ஒருவர் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். குதிரை மட்டும் தானாகவே நடனம் ஆடுவதுபோல் இருக்கிறது.

அந்தப் பிரிவுக்கு டிரஸ்ஸாஜ் என்று பெயர். களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஓரங்களில் எழுத்துகள் எழுதிய பலகைகள் நிற்கும். இந்த எழுத்துக்கு நேராக வரும்போது ஓட்டத்தை மாற்ற வேண்டும், அந்த எழுத்தில் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த வரிசை ஒன்று உண்டு. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் அதைச் சதவீதமாக்குவார்கள். ஹாங்சோவில் அனுஷ் 71.088, ஹிருதய் 69.941, திவ்யகிருதி 68.176 எடுத்தார்கள். சிறந்த மூவரின் கூட்டுத்தொகை 209.205. அதுதான் தங்கம். மேலே இருப்பவர் ஒன்றும் செய்யாததுபோல் தெரிகிறதே, அதைத்தான் நடுவர்கள் தேடுகிறார்கள். அவர் காலால் சொன்னதும், இடுப்பைச் சாய்த்துச் சொன்னதும், விரலை இறுக்கிச் சொன்னதும் வெளியே தெரியக் கூடாது. குதிரைக்கு மட்டும் கேட்க வேண்டும்.

மற்ற பிரிவுகள் பார்த்தவுடன் விளங்கக்கூடியவை. தடைதாண்டலில் கம்பம் விழக் கூடாது, நேரம் தாண்டக் கூடாது. ஈவென்டிங் என்பது மூன்று கட்டப் போட்டி: டிரஸ்ஸாஜ், காட்டுவெளி ஓட்டம், தடைதாண்டல். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பெங்களூருவின் ஃபவாத் மிர்சா தனிநபரிலும் குழுவிலும் வெள்ளி வென்றதும், பிறகு டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதும் ஈவென்டிங்கில்தான். அதுவும் டிரஸ்ஸாஜில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வேகமும் தாவலும் பிறகு. முதலில் பேச்சு நடக்க வேண்டும்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது? அதற்குக் குதிரை எப்படிப்பட்ட பிராணி என்று தெரிய வேண்டும். 500 கிலோ எடை இருந்தாலும் அது வேட்டையாடும் பிராணி அல்ல, வேட்டையாடப்பட்ட பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்த்துவிடும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் அதற்குத் தெரியாத இடங்கள். அதனால்தான் பழகியவர்கள் தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே அருகில் போவார்கள். காதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும். அதன் கவனம் எங்கே இருக்கிறது என்பதைக் காதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும். ஈயின் கால் தெரிகிற தோலுக்கு, சேணத்தின்மேல் இருக்கும் ஆள் மூச்சை இழுத்துப் பிடிப்பது தெரியாமல் போகுமா?

இந்த நுண்ணுணர்வு எவ்வளவு ஆழமானது என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெர்லின் குதிரை ஒன்று சாட்சி. ஹான்ஸ் என்பது அதன் பெயர். அதை வளர்த்த வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்திருப்பதாகவே உண்மையாக நம்பினார். ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் எட்டு முறை தட்டும். அறிஞர்கள் கூடிச் சோதித்தும் ஏமாற்று எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தவறு செய்தது. கேட்பவர் குளம்பைப் பார்க்கச் சற்றே குனிகிறார். சரியான எண் வந்ததும், தன்னையறியாமல் தலையை ஒரு மயிரிழை நிமிர்த்துகிறார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. 1907-ல் இது வெளியானபோது ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்று பலர் சிரித்தார்கள். எனக்கு அது கணக்கைவிடப் பெரிய திறமையாகத் தெரிகிறது. மனிதர் யாரும் கவனிக்காத அசைவை அது படித்தது. நீங்கள் ஏறி உட்காரும் பயிற்சிப்பள்ளிக் குதிரையும் அதே இனம்தான். உங்களுடைய பயம், அவசரம், எரிச்சல் எல்லாம் அதற்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையில்லாத பாடம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். குதிரைக்குக் கற்றுக்கொடுப்பது எது? இருபுறமும் கால்களை அணைத்து அழுத்துகிறீர்கள். குதிரைக்கு அது சிறு தொந்தரவு. அதிலிருந்து விடுபட ஏதேதோ செய்து பார்க்கிறது: தலையை ஆட்டுகிறது, ஒதுங்குகிறது, பிறகு ஓரடி முன்னால் வைக்கிறது. அந்த ஓரடியில் உங்கள் கால் தளர்ந்துவிட்டால், "ஓ, கேட்டது இதுதானா" என்று அதற்குப் புரிந்துவிடும். அழுத்தம் கேள்வி மட்டும்தான் கேட்கிறது. தளர்வுதான் பதில் சரி என்று சொல்கிறது. கடிவாளமும் இப்படித்தான். நிற்கச் சொல்லி வாரைப் பிடிக்கிறீர்கள், நின்றுவிட்டது, அப்போதே விரல்கள் நெகிழ வேண்டும். இரண்டு நொடி தாமதமானால் அது வேறு எதையோ கற்றுக்கொண்டிருக்கும்.

புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். குதிரை நடக்கத் தொடங்கிய பிறகும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் உதைத்துக்கொண்டே இருப்பார்கள். நடந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் அதற்குக் கேட்கத்தான் என்ன இருக்கிறது? மெல்ல மெல்லக் காதை மூடிக்கொள்கிறது. பயிற்சிப்பள்ளிகளில் "இது மந்தம், எவ்வளவு உதைத்தாலும் நகராது" என்று சொல்லப்படும் குதிரைகளில் பலவும் இப்படி மந்தமாக்கப்பட்டவை என்பது என் கருத்து. அதே குதிரையில் அனுபவப்பட்டவர் ஒருவர் ஏறி, ஒருமுறை கேட்டு, பதில் வந்ததும் விட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அது வேறு குதிரையாகிவிடும். இந்தக் காட்சியைப் பார்த்த மாணவருக்கு அன்றைய பாடம் அதுவே போதும்.

கால் பலமும் கைப் பலமும் இதில் எவ்வளவு சின்ன விஷயம் என்பதற்கு லிஸ் ஹார்டெலின் வாழ்க்கையைத்தான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1944-ல், 23 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. அவருடைய முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவே இல்லை. மீண்டும் குதிரையேறுவது நடக்காத காரியம் என்பதுதான் சுற்றியிருந்தவர்களின் எண்ணம். அவர் தூக்கி உட்காரவைக்கச் சொன்னார். விழுந்தார், மறுபடி ஏறினார். தன் குதிரை ஜூபிலியோடு வேறொரு மொழியைச் செய்துகொண்டார். காலால் சொல்ல வேண்டியதையெல்லாம் உடல் எடையாலும் முதுகின் அசைவாலும் சொல்ல, அந்தக் குதிரை கற்றுக்கொண்டது.

அவர் களத்துக்கு வந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றம் ராணுவ அதிகாரிகளின் கோட்டையாகவே இருந்தது. டிரஸ்ஸாஜில் அதிகாரி அல்லாதவருக்கு இடமே இல்லை. அந்த ஆண்டு லண்டனில் ஸ்வீடன் குழு தங்கம் வென்றது. குழுவில் இருந்த யெனால் பெர்சன் உண்மையில் அதிகாரி இல்லை, போட்டிக்காக மட்டும் பதவி உயர்த்தப்பட்டவர் என்று தெரிந்ததும் மறு ஆண்டு தங்கத்தையே பறித்துவிட்டார்கள். அடுத்த ஒலிம்பிக்கில்தான் கதவு திறந்தது. சாதாரண வீரர்களும் பெண்களும் உள்ளே வந்தார்கள். 1952 ஹெல்சிங்கியில், குதிரையில் ஏறவும் இறங்கவும் துணை தேவைப்பட்ட ஹார்டெல், ஆண்களோடு நேருக்கு நேர் மோதி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடனின் ஆன்ரி சேன்ட் சிர் அவரைத் தாங்கிப் பிடித்து மேடையேற்றினார். 1956-ல் மறுபடியும் வெள்ளி. உடல்நலம் குன்றியவர்களுக்குக் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகத் தரும் முறை ஐரோப்பாவில் பரவியதற்கு அவர் ஒரு பெரிய தூண்டுதல். 1996 முதல் பாராலிம்பிக்கிலும் டிரஸ்ஸாஜ் இருக்கிறது.

சரி, தொடங்குபவருக்கு முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும்? நல்ல பள்ளியில் முதலில் கடிவாளத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். பயிற்சியாளர் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க, குதிரை வட்டமாகச் சுற்றும். நீங்கள் உட்கார மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். நடையில் நான்கு தாளம், சிரமம் இருக்காது. பிறகு ட்ராட் வரும். மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் இரண்டு தாள ஓட்டம் அது. முதுகெலும்பு குலுங்கும். ஒரு தாளத்துக்கு எழுந்து அடுத்த தாளத்துக்கு அமரக் கற்றுக்கொள்வதற்குள் தொடையின் உட்பக்கம் இரண்டு நாள் வலிக்கும். ஒரு நாள், எண்ணுவதை நீங்கள் மறந்திருக்கும்போது, உடல் தானாக எழுந்து அமர்ந்துகொண்டிருக்கும். மூன்று தாளத்தில் அலைபோல வரும் கேன்டர் அதற்குப் பிறகு.

அதோடு எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கும் வாரத்தில் பயிற்சியாளர் குதிரையை மாற்றிவிடுவார். புதுக் குதிரையில் எதுவும் வேலை செய்யாது. பலர் மனம் உடைந்து விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். விடாதீர்கள். பழைய குதிரை உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொண்டிருந்தது, புதியது பொறுக்கவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பத்துக் குதிரைகளில் ஏறிய பிறகு உங்களுக்குத் தெரிந்தவை எவை, அவற்றின் தயவில் நடந்தவை எவை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

விழுவதும் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது. பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. காலணிக்குச் சிறு குதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். இவ்வளவையும் சொல்லாமல் ஏற்றிவிடும் இடத்தில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். குதிரைகளின் விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா, சேணம் படும் இடத்தில் புண் இருக்கிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா, தொட்டியில் சுத்தமான தண்ணீர் இருக்கிறதா என்று கவனியுங்கள். பள்ளியின் தரம் அங்கேயே தெரிந்துவிடும்.

லாயத்து வேலையை எடுபிடி வேலை என்று எண்ணி ஒதுக்குபவர்களுக்கு இந்த உலகத்தின் பாதி திறக்காமலே போய்விடும். ஏறும் முன் நான்கு காலையும் தூக்கி, குளம்பின் அடியில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். உடம்பைத் தேய்த்துவிடும்போது எந்த இடத்தில் அது கூசுகிறது, எங்கே வீக்கம், எங்கே சூடு என்று கைக்குத் தெரியும். குதிரை என்றதும் நமக்குக் கொள்ளு நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முதல் தேவை புல்லும் உலர்த்திய புல்லும்தான். இரைப்பை சிறியது, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்காக அமைந்தது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தீனி தவறினால் வரும் வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும். பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ பதிவுசெய்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் மாண்டுபோயின என்பதும் அவர் குறிப்பில் இருக்கிறது. பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சர்வதேசப் போட்டி என்பது மிகுந்த செலவு பிடிக்கும் காரியம். ஹாங்சோவில் வென்றவர்கள் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் தங்கிப் பயின்றவர்கள். அனுஷ் 17 வயதிலேயே ஜெர்மனிக்குப் போனார். பிறகு 2024 பாரிஸில் ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். எல்லோருக்கும் அது முடியாது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் குதிரையின் விலைக்கும் அதன் மனத்துக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு ஸ்னோமேன் கதை இருக்கிறது. 1956-ல் அமெரிக்காவில் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றப்பட்டிருந்த ஓர் உழவுக்குதிரையை, ஹாரி டி லேயர் என்ற குதிரையேற்ற ஆசிரியர் 80 டாலருக்கு வாங்கினார். நெதர்லாந்திலிருந்து குடியேறியவர், பெரிய வசதி இல்லை. மாணவிகள் ஏறிப் பழக ஒரு சாதுவான குதிரை வேண்டும், அதற்காகத்தான் வாங்கினார். பிறகு அதைப் பக்கத்தில் ஒருவருக்கு விற்றும்விட்டார். அது வேலிகளைத் தாண்டித் தாண்டி அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் அதற்குத் தாவத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1958-ல், அந்த 80 டாலர் குதிரை நாட்டின் தடைதாண்டல் சாம்பியன். அடுத்த ஆண்டும் அதுவே.

நம் பக்கத்தில் சொந்தக் குதிரை இல்லாமல் பழக ஒரு வழி தேசிய மாணவர் படை. அதன் ரீமவுன்ட் மற்றும் கால்நடைப் பிரிவில் சேரும் மாணவர்கள் குதிரையேற்றம் கற்கிறார்கள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து அப்படியொரு பிரிவு இருக்கிறது. ஏறுவது மட்டுமே இந்த உலகில் வேலை என்றும் இல்லை. லாடம் கட்டுபவர், குதிரை மருத்துவர், பயிற்சியாளர், நடுவர், சைஸ் என்று அழைக்கப்படும் பராமரிப்பாளர், இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் பதக்கம் இல்லை. நல்ல சைஸ் ஒருவர், குதிரை தீனியை மிச்சம் வைத்திருப்பதைப் பார்த்தே மறுநாள் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவருக்குக் கிடைக்க வேண்டிய ஊதியமும் மரியாதையும் நம் நாட்டில் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

வெற்றி ஆசை இந்த உறவைக் கெடுக்கும் விதத்தையும் பார்த்துவிட்டோம். டோக்கியோ ஒலிம்பிக் நவீன ஐந்திறப் போட்டியில், குலுக்கலில் கிடைக்கும் முன்பின் அறியாத குதிரையோடு பழக 20 நிமிடம்தான் கொடுத்தார்கள். முன்னிலையில் இருந்த ஜெர்மனி வீராங்கனைக்குக் கிடைத்த குதிரை மிரண்டு தாவ மறுத்தது. அவர் அழுதுகொண்டே சவுக்கை ஓங்கினார், வேலியருகே நின்ற பயிற்சியாளர் குதிரையைக் குத்தினார். உலகமே நேரலையில் பார்த்தது. 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே எடுக்கப்பட்டுவிட்டது. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருந்தபோது இன்னொரு காணொளி வந்தது. வலேக்ரோ என்ற குதிரையோடு லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வென்று, டிரஸ்ஸாஜின் அழகுக்கே அடையாளமாக இருந்த பிரிட்டனின் சார்லட் டுஜார்டின், ஒரு பயிற்சி வகுப்பில் குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடிப்பது அதில் இருந்தது. அவர் போட்டியிலிருந்து விலகி மன்னிப்புக் கேட்டார். ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அந்தக் கையின் மென்மையை வியந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அது இன்னும் வலிக்கிறது. அடிபட்ட குதிரையும் காலைத் தூக்கும், ஆடும், மதிப்பெண்ணும் வாங்கித் தரக்கூடும். அப்போது அது பதில் சொல்லவில்லை, தப்பித்துக்கொள்கிறது.

வயதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சுவைச் சொல்வேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 23 வயதில் தடைதாண்டலில் இறங்கினார். பிறகு நிறுவன வேலை, குடும்பம். ஓய்வுபெற்ற பின் ஜெர்மனிக்குப் போய் டிரஸ்ஸாஜில் பயிற்சி எடுத்து 2008-ல் மீண்டும் ஒலிம்பிக்குக்கு வந்தார். 2012 லண்டனில், 71 வயதில், விஸ்பர் என்ற பெண்குதிரையோடு கடைசியாகக் களம் கண்டார். பதக்கம் எதுவும் இல்லை. இடையில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் அவர் குதிரையேறுவதை விட்டதே இல்லை.

அடுத்த முறை டிரஸ்ஸாஜ் போட்டியைப் பார்க்க நேர்ந்தால், மதிப்பெண் பலகைக்குத் திரும்புவதற்கு முன் கடைசி அரை நிமிடத்தைக் கவனியுங்கள். நடுவருக்கு வணக்கம் சொல்லி முடிந்ததும், வீரர் கடிவாள வாரை விரல்களுக்கிடையே நழுவவிடுவார். அதுவரை வளைந்து நின்ற கழுத்தைக் குதிரை முன்னும் கீழுமாக நீட்டும், மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு விடும், காதுகள் பக்கவாட்டில் தளர்ந்து தொங்கும். நீண்ட வாரில், நடை போட்டபடி, இருவரும் வெளியே போவார்கள்.